தாளில் ஓர் இடம்

அப்பா இறந்த மூன்றாம் மாதம், அவருடைய தபால்தலை ஆல்பங்களை விலை பேச ஒருவர் வீட்டுக்கு வந்தார். அண்ணன் ஏற்பாடு செய்து அனுப்பியிருந்தான். சாப்பாட்டு மேசையில் ஆல்பங்களை அடுக்கி, இடுக்கியின் முனையால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர், சிவப்புத் தபால்தலைகள் நிறைந்த பக்கங்களில் நின்றுவிட்டார். கட்டம் கட்டமாக, கைக்கோட்டில் வரைந்த பெட்டிகளுக்குள் ஒவ்வொன்றாக ஒட்டப்பட்ட பழைய ஒரு பென்னி சிவப்புகள்.

“சார் எவ்வளவு பொறுமையா செஞ்சிருக்கார் பாருங்க. இந்தக் கண்ணு எல்லாருக்கும் வராதுங்க.”

அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சிவப்புத் தபால்தலைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரியாமல் மேலே படித்தால், நான் எதற்காக வெட்கப்பட்டேன் என்பது புரியாது.

உலகின் முதல் ஒட்டும் தபால்தலை 1840ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் வந்தது. கறுப்பு நிறம், விலை ஒரு பென்னி, அதில் விக்டோரியா ராணியின் முகம். அதன்மேல் குத்திய சிவப்பு முத்திரையைக் கழுவிவிட்டு மறுபடி பயன்படுத்த முடிகிறது என்று தெரிந்ததும், 1841இல் தபால்தலையைச் சிவப்பாக்கி முத்திரையைக் கறுப்பாக்கினார்கள். ஒரு தாளில் 240 தபால்தலைகள். வரிசைக்குப் பன்னிரண்டு வீதம் இருபது வரிசை. அன்றைய கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. வரிசை வாங்கினால் ஷில்லிங், தாள் வாங்கினால் பவுண்டு.

போலி அச்சடிப்பதைத் தடுக்க, ஒவ்வொன்றின் கீழ்மூலைகளிலும் இரண்டு எழுத்துகள் வைத்தார்கள். இடது எழுத்து வரிசையைச் சொல்லும், வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். முதல் தபால்தலை ஏ-ஏ. அதன் பக்கத்தில் ஏ-பி. வரிசை முடிவது ஏ-எல். கடைசி வரிசையின் கடைசித் தபால்தலை டி-எல். கே-ஜே என்று இருந்தால் பதினொன்றாம் வரிசையில் பத்தாவது. ஆக, கத்தரியால் வெட்டிப் பிரித்து, கடிதத்தில் ஒட்டி, ஊர் ஊராக அலைந்து, நூற்றைம்பது வருடம் கழித்து உங்கள் கைக்கு வந்தாலும், தாளில் தன் இடம் எது என்பதை அது சொல்லிவிடும்.

ஆனால் எந்தத் தாள்? அதைத்தான் ஆரம்பகாலத் தபால்தலை சொல்லாது. எஃகுத் தகடுகளிலிருந்துதான் தாள்கள் அச்சாயின. தகடு தேய்ந்தால் புதுத் தகடு. கறுப்புக்கே பதினொரு எண்கள். அதில் முதல் தகட்டைத் திருத்திச் செய்ததால் அதற்கு மட்டும் இரண்டு நிலைகள். ஓரத்துளை வருவதற்கு முந்தைய சிவப்புக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு கே-ஜே உண்டு. கையில் இருப்பது எந்தத் தகட்டின் கே-ஜே என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமான வேலை. எல்லாம் ஒரே மாதிரி தெரியும். உற்றுப் பார்த்தால் எதுவும் ஒரே மாதிரி இருக்காது.

காரணம் இதுதான். ராணியின் முகத்தை ஒரே ஒரு எஃகுக் கட்டையில் செதுக்கினார்கள். அதை உருளை ஒன்றில் பதித்து, உருளையை வைத்துத் தகட்டில் 240 தடவை அழுத்தினார்கள். முகம் அப்படி வந்தது. மூலை எழுத்துகளோ அப்படி வரவில்லை. தொழிலாளி ஒருவர் எழுத்து உளியைச் சதுரத்தின்மேல் வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி ஒவ்வொன்றாகப் பதித்தார். ஒரு தகட்டுக்கு 480 எழுத்து. கை கொஞ்சம் நகர்ந்தால் எழுத்தும் நகரும். ஒரு தகட்டில் ஜே இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும், இன்னொன்றில் தலைசாய்ந்திருக்கும். உருளை சரியாக அழுந்தாத இடத்தில் மறுபடி அழுத்தும்போது கோடுகள் இரட்டையாகும். இந்தப் பிசகுகளை வைத்துத்தான் ஒரு தபால்தலையை அதன் தகட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியும். ஒழுங்காக அமைந்த முகம் இதில் எந்த உதவியும் செய்யாது.

எங்கள் வீடு திருச்சியில். அப்பா வங்கியில் காசாளர். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு பேனா நண்பர் இருந்தார். அப்பா இந்தியத் தபால்தலைகளை அனுப்புவார், அவர் பதிலுக்குப் பழைய சிவப்புகளை உறையில் போட்டு அனுப்புவார். சிவப்புகள் கோடிக்கணக்கில் அச்சானவை, அங்கே மலிவு. அப்பாவின் கனவு ஒன்றே ஒன்று: எழுபத்தேழு. 1864இலிருந்து வந்த சிவப்புகளில் நான்கு மூலையிலும் எழுத்துகள் உண்டு. தகட்டு எண்ணும் உண்டு. இரண்டு பக்கத்து வலைக்கோடுகளுக்குள் பொடிப்பொடியாக ஒளிந்திருக்கும். அதில் 77ஆம் தகடு சரியில்லை என்று கைவிடப்பட்டது. எப்படியோ வெளியே போன சில மட்டுமே உலகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு உறை வரும்போதும் அப்பா எழுபத்தேழைத் தேடுவார்.

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அடுப்பு மேடை துடைத்த பிறகு அம்மா வந்து அவர் பக்கத்தில் உட்காருவாள். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துத் தபால்தலைகளை ஊறப்போடுவதும், காகிதத்திலிருந்து உரித்து செய்தித்தாளுக்கு நடுவே உலர்த்துவதும் அவள் வேலை. அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே வெள்ளெழுத்து வந்துவிட்டது. அம்மா அவரைவிடப் பதினோரு வயது இளையவள். “பாத்துச் சொல்லேன்” என்று லென்ஸை அவளிடம் நீட்டுவார்.

“எழுபத்தேழா?”

“இல்ல. நூத்து எழுபத்தேழு. முன்னாடி ஒண்ணு மங்கியிருக்கு.”

இதை நான் எத்தனை இரவு கேட்டிருக்கிறேன்! பாடப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, அந்த மேசையின் மறுமுனையில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்கிறேன், ஆனால் பார்க்கவில்லை.

மாவட்டக் கண்காட்சியில் அந்தச் சிவப்புப் பக்கங்களுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. சான்றிதழில் அப்பா பெயர். நான் கல்லூரியில் படித்தபோது ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். “அப்பாவின் கண்கள்” என்று தலைப்பு. கடுகுக்குள் கடலைக் காண்பவர் என்றெல்லாம் எழுதியிருந்தேன். அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, நல்லா எழுதியிருக்கே என்றாள். அந்த மலர் இன்னும் அவள் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது.

அதன்பிறகு நான் பெண்ணியம் படித்தேன். வீட்டு உழைப்பு கணக்கில் வராதது பற்றி வகுப்பில் பேசினேன். சமையலும் துணி துவைப்பதும் அம்மாவின் கணக்கில் வராத உழைப்பு என்று எனக்குத் தெரியும். அறிவுழைப்பும் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும் என்று மட்டும் தோன்றவேயில்லை. அம்மாவை அடுப்படியில் வைத்துத்தான் நானும் பரிதாபப்பட்டேன்.

வியாபாரி வந்துபோன அன்று இரவு, ஆல்பங்களோடு இருந்த நாற்பது பக்க நோட்டு ஒன்றைத் திறந்தேன். அதோடு ஓர் உறையில் ஓரத்துளை இல்லாத சிவப்புகள் முப்பத்துநான்கு. நோட்டு முழுக்கப் பென்சில் எழுத்து. எங்கள் மளிகைக் கணக்கு நோட்டில் இருக்கும் அதே உருண்டையான கையெழுத்து.

எம்-ஜி: ஜி தரையில் உட்கார்ந்திருக்கு, சுவரில் சாய்ஞ்ச மாதிரி.

டி-சி: சி வலது பக்கம் ஒண்டிக்கிட்டு நிக்குது.

ஆர்-ஈ: ஆர் கால் வாசப்படி தாண்டிருச்சு.

என்-எச்: எச் கோடு ரெட்டை. ஈரக் கோலத்தை மிதிச்ச மாதிரி.

கே-ஜே ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே ஜாடை. ஒரே தட்டு.

பக்கம் பக்கமாக இப்படியே போனது. ஒரே எழுத்து ஜோடி உள்ள இரண்டு தபால்தலைகள் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறாள். எழுத்துகள் சதுரத்துக்குள் ஒரே இடத்தில் இருந்தால் ஒரே தகடு, இல்லாவிட்டால் வேறு தகடு. இதற்குப் புத்தகம் எதுவும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. பென்னி கறுப்பைத் தகடு பிரிக்கும் வழியைச் சார்லஸ் நிசன் என்பவர் 1922இல் பெரிய நூலாகவே கொண்டுவந்துவிட்டார் என்பதும், சிவப்புக்கும் பிறகு அப்படி நூல்கள் வந்தன என்பதும் அம்மாவுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவள், அந்த ஆராய்ச்சியாளர்கள் கையாண்ட முறையைத் தன் சாப்பாட்டு மேசையில் தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

மறுநாள் காலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளிடம் நோட்டைக் காட்டினேன்.

“இதெல்லாம் நீ எழுதினதா?”

“ஆமா. உங்கப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாதே.”

“எழுத்து தெரியாததுனால எழுதிக்குடுத்தியா, இல்ல கண்டுபிடிச்சதே நீயா?”

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. “முதல்ல அவருக்காகத்தான் பார்த்தேன். அப்புறம் எனக்கே பார்க்கணும்னு இருந்துச்சு. அவர் எழுபத்தேழு இல்லேன்னா மூடி வச்சிட்டுப் படுத்துக்குவார். நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருப்பேன்.”

“யார்கிட்டயும் சொன்னதே இல்லையே.”

“கேட்டாத்தானே சொல்றதுக்கு.”

குற்றம்சாட்டுகிற தொனி அதில் இல்லை. கீரைத்தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள்.

அன்று மாலை அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன், விற்பது பற்றி அம்மாவிடம்தான் கேட்க வேண்டும் என்று. “அம்மாவுக்கு இதுல என்ன தெரியும்?” என்றான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. முந்தின நாள்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அடுத்த சில மாதங்கள் நானும் அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். தகடு பயன்பாட்டுக்கு வருமுன் அதில் எடுத்த முதல் தாளைப் பதிவுக்காக எடுத்துவைப்பது இங்கிலாந்தில் வழக்கமாக இருந்தது. அப்படிப்பட்ட தாள்கள் பல லண்டன் அஞ்சல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தகடுகளின் படங்களை இப்போது கணினியிலேயே பார்க்கலாம். தபால்தலையை ஸ்கேன் செய்து பெரிதாக்கி, மூலைச் சதுரத்தின் ஓரங்களிலிருந்து எழுத்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். முதலில் எழுத்தின் வடிவம். 1852வரை பயன்பட்ட உளிகளில் எழுத்துகள் சிறியவை. பிறகு வந்தவை வேறு அளவு, வேறு வடிவம். அதை வைத்தே பாதித் தகடுகளைத் தள்ளிவிடலாம். அப்புறம் எழுத்தின் இடம், சாய்வு. கடைசியாக இரட்டைக் கோடு, கீறல், தேய்மானம். ஒரு அடையாளம் போதாது. இரண்டு எழுத்தும் பொருந்தி, மூன்றாவதாக ஒரு சாட்சியும் கிடைத்தால்தான் உறுதி.

என் முதல் தபால்தலைக்கு நான்கு நாள் ஆயிற்று. கண் வலித்தது, கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரே தகடு என்று அம்மா எழுதியிருந்த ஜோடிகள் ஏழு. அவற்றைப் படங்களோடு ஒப்பிட்டேன். ஐந்து சரி. ஒன்று தவறு. இன்னொன்றில் முத்திரை மை எழுத்தை மூடியிருந்ததால் என்னாலும் சொல்ல முடியவில்லை. தவறானதைச் சொன்னபோது அம்மா லென்ஸை வாங்கி ரொம்பநேரம் பார்த்தாள். “ஆமா, இதுல டி மேல ஏறியிருக்கு. அன்னிக்குக் கரண்ட் இல்லாம அரிக்கேன் வெளிச்சத்துல பார்த்திருப்பேன்” என்றாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பிழைக்குக் காரணம் யோசிக்கிறவளைப் பொழுதுபோக்குக்காகச் செய்தவள் என்று யார் சொல்ல முடியும்?

கற்றுக்கொண்டபோது படித்தவற்றில் இரண்டு செய்திகள் மனதில் தங்கிவிட்டன. ஒன்று, ஓரத்துளை இல்லாத சிவப்பின் 77ஆம் தகட்டில் நடந்தது. இது அப்பா தேடிய எழுபத்தேழு அல்ல. முந்தைய வரிசையைச் சேர்ந்த வேறொரு எழுபத்தேழு. அதில் பி-ஏ என்று வர வேண்டிய இடத்தில் ஏ-வைப் பதிக்க விட்டுவிட்டார்கள். வலது சதுரம் காலி. தட்ட மறந்த அந்தக் கை யாருடையது என்று தபால்தலையில் எங்கும் இல்லை. ராணி முகத்தைச் செதுக்கிய சார்லஸ் ஹீத், ஃப்ரெடரிக் ஹீத் என்ற தந்தை மகன் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன.

இரண்டாவது, இங்கிலாந்தில் தபால்தலை சேகரிப்பு தொடங்கிய காலத்தில் அடிலெய்ட் லூசி ஃபென்டன் என்ற பெண் அத்துறை இதழ்களில் எழுதியது. கட்டுரைகளின் கீழே இருந்த பெயர் ஹெர்பர்ட் கமோயன்ஸ். ஓர் ஆணின் பெயர். எழுதுவதற்கு அவருக்கு ஒரு பொய்ப்பெயராவது இருந்தது. அம்மாவுக்கு அப்பாவின் பெயர் இருந்தது.

லென்ஸ் வழியாக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இன்னொன்றும் உறைத்தது. வில்லியம் வையன் 1834இல் இளவரசியைப் பார்த்து வரைந்தபோது விக்டோரியாவுக்கு வயது 15. அதை வைத்து அவர் ஒரு பதக்கம் செய்தார். பதக்கத்தைப் பார்த்து ஹென்றி கார்போல்ட் வரைந்தார். அந்த வரைபடம் தபால்தலை ஆனது. விக்டோரியா ஒன்பது பிள்ளைகள் பெற்றார், கணவரை இழந்தார், 81 வயதில் 1901இல் இறந்தார். அவர் இறக்கும்வரை இங்கிலாந்துத் தபால்தலைகளில் இளம்பெண்ணின் முகமே தொடர்ந்தது. உலகத்தை ஆண்ட பெண்ணுக்கும் தபால்தலையில் வயதாக அனுமதி இல்லை. முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் பார்த்துக்கொண்டவர்களால் தகட்டில் விழும் சுருக்கங்களைத் தடுக்க முடியவில்லை. எஃகு தேய்ந்தது, கீறல் விழுந்தது, திருத்தினார்கள், திருத்திய இடம் தழும்பானது. இன்று ஒவ்வொரு தபால்தலைக்கும் ஒரு தனி வரலாறு இருக்கிறதென்றால் அந்தத் தழும்புகளால்தான்.

இதை எழுதும்போதும் ஒன்றைக் கவனிக்கிறேன். அப்பா சொன்னார் என்கிறேன், அம்மா சொன்னாள் என்கிறேன். மரியாதைக்கும் பாசத்துக்கும் இடையில் ஒரு விகுதி என் கையை மீறி வந்து நிற்கிறது. மாற்றி எழுதிப் பார்த்தேன். “அம்மா சொன்னார்” என்று எழுதினால் வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. அதனால் அப்படியே விட்டிருக்கிறேன். பாசம் என்று சொல்லிக்கொண்டு எதையெல்லாம் தராமல் விட்டோம் என்பது படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்திருந்தான். ஆல்பங்களை அம்மா முன்னால் வைத்தோம். இந்தியத் தபால்தலைகளையும் மற்றவற்றையும் விற்றுக்கொள்ளச் சொன்னாள். சிவப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “இத விக்க வேணாம். இன்னும் முடியலை.” 240 கட்டங்களில் ஒன்பது காலி. அண்ணன் நோட்டை வாங்கிப் புரட்டினான். வாசப்படி தாண்டிய ஆர்-க்கு வந்ததும் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தான்.

எல்லாமே அம்மாவின் வேலை என்று நான் சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். “இது அவர் கண்டது. இது நான். இந்தக் கட்டமெல்லாம் அவர்தான் போட்டார், எனக்கு ஸ்கேல் வச்சா கோடு கோணும். இந்த வரிசை பூரா நான்.” பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு தபால்தலைகளில் எது யாருடையது என்று அவளுக்கு மறக்கவில்லை.

ஆல்பத்தின் முதல் பக்கத்தில் அப்பாவின் பெயர் பட்டை எழுத்தில் இருந்தது. அதை என்ன செய்வது என்று கேட்டேன்.

“அவர் பேர அடிக்காத. கீழ எடம் இருக்கில்ல?”

பென்சிலை அவளிடமே கொடுத்தேன். கண்புரை அறுவை முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கண்ணாடி இல்லாமல் குனிந்தாள். எழுதப் போனவள் நிறுத்தி, “இனிஷியல் என்ன போடறது?” என்று கேட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் தாத்தாவின் எழுத்து, பிறகு அப்பாவின் எழுத்து. ரேஷன் அட்டையில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களிடம் பதில் இல்லை.

அவள் இனிஷியல் இல்லாமலேயே பெயரை எழுதினாள். உருண்டையான எழுத்து, கொஞ்சம் வலதுபக்கம் சாய்ந்து. பிறகு உறையைத் திறந்து, தகடு தெரியாத ஒரு சிவப்பை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்துவிட்டு, “லென்ஸ எடு” என்றாள்.